எந்த மரத்துக்கு எந்தப் பசை? கேள்வி பதில்

கடலூர்: குளியலறைக்குத் தேக்குக் கதவு செய்தேன். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்ட மூட்டு எட்டே மாதத்தில் விட்டுவிட்டது. பசை போலியா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்து நாலு நாள் போட்டு வைத்தால் அது மேலே வந்து படிந்துவிடும், அப்புறம் பசை மரத்துக்குள் இறங்காது. விட்டுப்போன மூட்டைப் பாருங்கள். பசை கண்ணாடித்தாள் மாதிரி உரிந்து, அதில் ஒரு மரநார்கூட ஒட்டியிருக்காவிட்டால் காரணம் இதுதான். ஒட்டுவதற்குச் சற்று முன் இழையுங்கள், அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள், ஆவியானதும் பசை போடுங்கள். குளியலறைக்குச் சாதாரண வெள்ளைப் பசையும் ஆகாது. டப்பாவில் டி3 (D3) என்ற ஈரம் தாங்கும் தரக்குறி இருந்தால் அவ்வப்போது நனைவதைத் தாங்கும். வெயில் மழையில் நிற்கும் கதவென்றால் டி4, இல்லாவிட்டால் இரண்டு பாகத்தைக் கலந்து போடும் எபாக்சி பசை.

திருச்சி: ஆடுகிற நாற்காலிக் காலில் பழைய பசை மேலேயே புதுப்பசை விடலாமா?

பதில்: கூடாது. காய்ந்த வெள்ளைப் பசை மேல் புதுசு பிடிக்காது. மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். மூட்டு தொளதொளவென்று இருந்தால் எபாக்சிதான், வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பாது.

சேலம்: அதே காலுக்கு ஃபெவிக்விக்?

பதில்: வேண்டாம். அடிக்கடி அசையும் இடத்தில் அது நொறுங்கிவிடும்.

தஞ்சாவூர்: தாத்தாவின் வீணையில் மேல்பலகை ஓரம் பிளந்திருக்கிறது. வெள்ளைப் பசை விடட்டுமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அதற்கு வச்சிரம்தான். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை அது. ஊறவைத்து, தீயில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, சுமார் 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும்.

கோவை: வெள்ளைப் பசையே வலுவானது. இன்னும் எதற்குப் பழசு?

பதில்: நான் வலுவைச் சொல்லவில்லை. ஒழுங்காக ஒட்டினால் இரண்டிலுமே மூட்டுக்கு முன் மரம்தான் உடையும். ஆனால் வீணை என்றைக்காவது திறக்க வேண்டிய பொருள். சூடும் ஈரமும் காட்டி மெல்லிய கத்தியை நுழைத்தால், வச்சிரம் பலாப் பலகையைச் சேதமில்லாமல் விட்டுக்கொடுக்கும்.

சென்னை: அப்படியானால் கடற்கரை ஈரத்தில் தானாகவே இளகாதா?

பதில்: ஈரம் மிஞ்சினால் இளகும். அதனால்தான் கதவுக்கு அதைச் சொல்லவில்லை. வீணை மழையில் நிற்பதில்லையே.

கோவை: வெள்ளைப் பசையும் சூட்டில் இளகுமே?

பதில்: இளகும், சரி. ஆனால் மரத்தின் நுண்துளைகளில் தங்கிவிடும். அதன் மேல் அடுத்த பசை பிடிக்காது, திருச்சி நாற்காலி கதைதான். பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் விட்டால் இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். பேரன் காலத்திலும் அந்த வீணையைப் பழுதுபார்க்கலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

நெல்லை: தேக்கு ஊஞ்சல் பலகைக்கு எது?

பதில்: கடலூருக்குச் சொன்னதைப் படியுங்கள். துடைக்காமல் ஒட்டாதீர்கள்.

ஈரோடு: தேக்குப் பூஜை மாடத்துக்கு?

பதில்: உள்ளே இருப்பதால் சாதாரண வெள்ளைப் பசை போதும். அசிட்டோன், மறுபடியும் சொல்கிறேன்.

ஓசூர்: மைக்காவுக்கு?

பதில்: நான் மைக்கா வேலை செய்வதில்லை. அதை ஒட்டுகிறவரிடம் கேளுங்கள்.

காரைக்குடி: கிளாம்ப் இல்லை. கயிறு கட்டலாமா?

பதில்: தாராளமாக. சணல் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்குங்கள். மூட்டோரத்தில் பசை மணிமணியாகக் கசிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வழிந்து ஓடினால் பசை அதிகம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.