நாய்க்குக் காவலா, தோழிக்கு விருந்தா?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். இப்போது கணவரோடு கோவையில் இருக்கிறேன். என் உயிர்த்தோழிகள் இருவரில் ஒருத்தி புதுச்சேரி லாஸ்பேட்டையில், இன்னொருத்தி கடலூர் மஞ்சக்குப்பத்தில். மஞ்சக்குப்பத்துக்காரிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம் ஆகிறது. போய்ப் பார்க்க மனசு கிடந்து தவிக்கிறது. லாஸ்பேட்டைத் தோழியின் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அங்கே தங்க இடமில்லை. அவள் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் நவம்பர் கடைசியில் மூன்று வாரம் பாரிஸில் இருக்கும் மகளிடம் போகிறார்கள். வீட்டில் ஒன்பது வயது லாப்ரடார் ஒன்று, இரண்டு பூனைகள். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது தோழி என் பெயரைச் சொல்லிவிட்டாள். பணமும் தருகிறார்களாம். சின்ன வயதில் பூனை வளர்த்திருக்கிறேன். நாய் பழக்கமில்லை, பயமும் இல்லை. நடுவில் இரண்டு நாள் கடலூர் போய்த் தங்கிவிட்டு வரலாம் என்பது என் திட்டம். கணவரோ, "ரிட்டையர் ஆனபிறகு நாய்க்குக் காவல் வேலையா?" என்று கிண்டல் செய்கிறார். போகலாமா? — பெயர் வேண்டாம், கோவை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் அந்த "நடுவில் இரண்டு நாள்" மட்டும் நடக்காது. அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

கணவரின் கிண்டலை முதலில் முடித்துவிடுவோம். அவர் கேட்பது நாயைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். மூன்று வாரம் தனக்கு யார் காபி போடுவது என்பதை நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் நாயை இழுக்கிறார். வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வர மறுத்தால் அது அவர் பாடு. சாதம் வைக்கத் தெரியாத ஆண் இன்னும் இருந்தால் கற்றுக்கொள்ள மூன்று வாரம் தாராளம்.

புதுச்சேரியில் இந்தத் தேவை புதிதல்ல. பிள்ளைகளோ கூடப் பிறந்தவர்களோ பிரான்ஸில் இருக்கும் குடும்பங்கள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. போனால் வாரக்கணக்கில் தங்கிவிட்டுத்தான் வருவார்கள். நாயைக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் விடலாம்தான். ஆனால் ஒன்பது வயது லாப்ரடார் என்பது மனிதக் கணக்கில் உங்களுக்கும் எனக்கும் சமவயது. புது இடத்தில், முன்பின் தெரியாத நாய்களின் குரைப்புக்கு நடுவில் அது சாப்பாட்டை விட்டுவிடலாம். பூனைக்கோ ஆளைவிட இடம்தான் முக்கியம். வீட்டை மாற்றினால் அது படும் பாடு பெரிது. அதனால்தான் வீட்டோடு தங்குகிற ஆளைத் தேடுகிறார்கள். அவர்கள் தேடுவது, இரவில் அந்த வீட்டில் இருக்கும் ஒருவரை. நீங்கள் கடலூரில் தூங்கினால் அவர்கள் கேட்ட ஒரே விஷயத்தைத்தான் கொடுக்காமல் விடுகிறீர்கள்.

பகலில் போய் வரலாமா என்றால், அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலைத் தாண்டிக் கடலூர், பிறகு ஆட்டோ பிடித்து மஞ்சக்குப்பம் என்றால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். போக வர மூன்று. அறுவை சிகிச்சை ஆன தோழியிடம் மூன்று மணி நேரமாவது உட்காராமல் எழுந்து வர உங்களுக்கு மனசு வருமா? ஆக, குறைந்தது ஆறேழு மணி நேரம். நல்ல ஆரோக்கியமான வயது வந்த நாய் நான்கைந்து மணி நேரம் தனியாக இருக்கும். வயதான நாய் அவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது கொடுமை. நடுப்பகலில் லாஸ்பேட்டைத் தோழியோ, நாய்க்குப் பழகிய வேலைக்காரம்மாவோ வந்து வெளியே விட்டு எடுப்பதாக இருந்தால் ஒரு நாள் போய் வாருங்கள். அப்படி ஆள் இல்லாவிட்டால் வேண்டாம்.

இதற்கு எளிய வழி, வரிசையை மாற்றிவிடுவதுதான். வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே கோவையை விட்டுக் கிளம்பி நேராக மஞ்சக்குப்பம் போய்விடுங்கள். அங்கே மூன்று இரவு. எந்தக் கடிகாரமும் உங்களைத் துரத்தாது. கால் அசைக்கும் பயிற்சிகளை அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று ஆசிரியை மாதிரி மேற்பார்வை பாருங்கள். சாயங்காலம் ஆட்டோவில் தேவனாம்பட்டினம் வரை கூட்டிப் போய்க் காற்று வாங்க வையுங்கள். அந்தத் தோழியை லாஸ்பேட்டை வீட்டுக்கு வரவழைக்கலாமே என்று தோன்றும். தோன்றினாலும் செய்யாதீர்கள். லாப்ரடாருக்கு அன்பு வந்தால் அது இரண்டு காலில் எழுந்து ஆள் மேல் விழும். முப்பது கிலோ அன்பைப் புது மூட்டு தாங்காது.

நான்காவது நாள், அதாவது அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள், லாஸ்பேட்டைக்குப் போய் அன்றிரவு அவர்களோடு அந்த வீட்டிலேயே தங்குங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தன் ஆட்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் சிரிப்பதையும் நாய் பார்க்க வேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டை உங்கள் கையால் வையுங்கள். காலையில் சங்கிலியை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவர்கள் கூட நடக்கட்டும். எந்தத் தெருமுனையில் எந்தத் தெருநாயோடு இதற்குப் பகை, எந்த வீட்டு கேட்டைக் கண்டால் இழுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்த குறிப்பில் இதெல்லாம் வராது.

அவர்கள் போனதும் முதல் இரண்டு நாள் நாய் கேட் அருகிலேயே படுத்திருக்கும், சரியாகச் சாப்பிடாது. பதறாதீர்கள். மூன்றாம் நாள் முதல் உங்களை ஏமாற்றத் தொடங்கும். லாப்ரடாருக்கு வயிறு நிறைந்தாலும் கண் நிறையாது. ஜென்மத்தில் சோற்றையே பார்க்காதது போல ஒரு பார்வை பார்க்கும். இளகாதீர்கள். அந்த வயதில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதன் இடுப்புக்கும் முட்டிக்கும் பாரம். அவர்கள் சொன்ன அளவு, சொன்ன நேரம், சொன்ன உணவு. நம் வீட்டு மிச்சம் வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சாம்பாரில் வெங்காயம், பாயசத்தில் திராட்சை இருப்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். உங்களுடைய மாத்திரை டப்பாவை மேஜையில் விடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், பூனையின் உயிர் போய்விடும்.

பூனைகளை முதல் சில நாள் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். கட்டிலுக்கு அடியிலோ பீரோ மேலோ இருக்கும். தேடிப் பிடித்துக் கொஞ்சப் போகாதீர்கள். கிண்ணத்தில் தீனி குறைகிறதா, மண் தட்டில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள். பூனை இரண்டு நாள் தொடர்ந்து எதுவும் தின்னாமல் இருந்தால் அது பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது, ஈரல் கெட்டுப்போகும். இரண்டில் ஒன்று ஆண் பூனையாக இருந்து, அது மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது அதற்குப் பொருந்தாது.

மருத்துவர் விஷயத்தைத்தான் நீங்கள் கடிதத்தில் தொடவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே காலை ஏழு மணிக்கு நாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் அங்கே நடுராத்திரி இரண்டரை. போன் எடுக்க மாட்டார்கள். ஒன்பது வயது நாய்க்கு எதுவும் வரலாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் "செய்யுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொல்ல மட்டும் உரிமை உண்டா? இதை அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான், அபசகுனம் என்றுகூட நினைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். சிகிச்சைக்கு உங்களை ஒப்புக்கொள்ள அனுமதித்து ஒரு கடிதம், எந்தத் தொகை வரை கேட்காமலே செலவு செய்யலாம் என்ற வரம்பு, அவர்களைப் பிடிக்க முடியாவிட்டால் முடிவெடுக்க உள்ளூரில் ஓர் உறவினரின் எண், பழைய தடுப்பூசி அட்டை. இவ்வளவும் உங்கள் கைக்கு வராமல் சாவியை வாங்காதீர்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நாயோடு ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். அவர் ஊரில் இல்லாத நாளில் குரும்பபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, லாஸ்பேட்டையிலிருந்து தூரமில்லை. எந்த நேரம் வரை பார்க்கிறார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் பல் பட்டாலும், பூனை கீறினாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி காட்டிய பிறகு மருந்து கிடையாது.

நவம்பர் கடைசி என்கிறீர்களே, அந்த ஊருக்கு அது புயல் மாதம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்றுதான் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. திருப்பாதிரிப்புலியூர்க்காரியான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு நாளில் நீங்கள் கடலூரில் மாட்டிக்கொண்டு, ஆறு குறுக்கே நிற்க, லாஸ்பேட்டையில் மூன்று ஜீவன்கள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புயல் சின்னம் என்று செய்தியில் வந்ததுமே வெளியூர்ப் பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான். தெருவில் தண்ணீர் நிற்குமா, மாடியில் நாயை வைக்க இடம் உண்டா என்று கேட்டுவையுங்கள். தீனி பத்து நாளைக்குக் குறையாமல் இருக்கட்டும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நாயை இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். கார்த்திகைக்கு வெடிச் சத்தம் கேட்டால் உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்தி டிவியைப் போட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள். பயந்த நாய் திறந்த கேட்டைக் கண்டால் ஓடியே போய்விடும். அதன் கழுத்துப்பட்டையில் வீட்டுக்காரர் எண்தான் இருக்கும், அவரோ பாரிஸில். கிளம்பும் முன் உங்கள் எண்ணை எழுதி மாட்டச் சொல்லுங்கள். கேட்டுக்கும் வாசல் கதவுக்கும் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும். சிலிண்டர்காரர் வரும்போது முக்கியமாக.

பணம்? இது தொழிலாகவே நடக்கிறது, வாங்குவது கேவலமில்லை. ஆனால் நீங்கள் தோழியின் வாய்வார்த்தையில் போகிறீர்கள். கூலி பேசினால் கூடினாலும் குறைந்தாலும் சங்கடம் தோழிக்குத்தான். தங்க இடம் அவர்களுடையது, பொறுப்பு உங்களுடையது, அதோடு நேர் ஆகட்டும். வேலைக்காரம்மா சம்பளம், கரண்ட் பில், பிராணிகளின் செலவு எல்லாம் அவர்கள் கணக்கு. வைத்தியச் செலவுக்கு மட்டும் ஒரு தொகையை முன்பணமாக ஜிபேயில் போட்டுவிடச் சொல்லுங்கள். மீந்ததைத் திருப்பிக் கொடுத்தால் போயிற்று.

இவ்வளவு கட்டுப்பாட்டில் தோழியை எப்போது பார்ப்பது என்று கேட்பீர்கள். நாயின் நேரத்தை ஒட்டித்தான். காலை ஆறு மணி நடைக்கு அவரைக் கூப்பிடுங்கள். பிரசவ வீட்டில் அவருக்கும் மூச்சு விட ஓர் அரை மணி நேரம் வேண்டியிருக்கும். பதினொரு மணிக்கு அவர் வந்து போகலாமா என்று வீட்டுக்காரர்களிடம் முன்பே அனுமதி வாங்குங்கள், கேட்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். நாய்க்குச் சாயங்கால உணவு கொடுத்துப் படுக்க வைத்தபின் இரண்டு மூன்று மணி நேரம் முழுதாக உங்களுடையது. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து பேசிக்கொண்டே நடங்கள். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தைக்குப் போய் இரண்டு பேரும் வேண்டாததை வாங்குங்கள். ஒன்பது மணிக்குள் வீடு.

கோவைக்குத் திரும்பும் டிக்கெட்டை அவர்கள் வந்திறங்கும் நாளுக்கே போட்டுவிடாதீர்கள். விமானம் தாமதமாகலாம், சென்னையில் இறங்கி லாஸ்பேட்டை வந்து சேர இன்னும் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மறுநாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ போடுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் மஞ்சக்குப்பத்துக்கு இன்னொரு தடவை பஸ் ஏறலாம்.