தோழர்களின் காணொளிகளுக்கு மதிப்பெண் இடும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: வகுப்புத் தோழர்கள் குழுவாகத் தயாரித்த தொழில்நுட்பக் காணொளிகளை மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைத்து மதிப்பெண் இடுவது? குழுவாக வேலை செய்வதைப் பற்றி இதிலிருந்து ஏதேனும் கற்க முடியுமா?

வேலூரை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் எங்களுக்கும் இதே வேலைதான் தரப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து, பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியோடு தொடர்புள்ள ஒரு தொழில்நுட்பத்தை எட்டு நிமிடக் காணொளியில் விளக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் மற்றக் குழுக்களின் நான்கு காணொளிகளைப் பார்த்து, மதிப்பெண்ணோடு அரைப் பக்கக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றார்கள். எழுத்து நடையை வைத்தே யார் எழுதியது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

உள்ளடக்கம், தெளிவு, ஒலி, படம், நேரம் என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். சொட்டு நீர்ப் பாசனம் பற்றிய முதல் காணொளிக்கு இந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. ராணிப்பேட்டை பெல் ஆலையில் தயாராகும், அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுக்கும் கருவியைப் பற்றிய இரண்டாவது காணொளிக்கும் அப்படியே. மூன்றாவதில்தான் பட்டியல் உதவாமல் போனது.

அது ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பற்றியது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது என்று முதலில் பேசிய மாணவி சரியாகச் சொன்னார். அதன் ஆடி ஒளியை எப்படிக் குவிக்கிறது என்பதையும் அழகாகப் படம் வரைந்து விளக்கினார். நான்கு நிமிடம் கழித்து மூன்றாமவர் வந்து, "இந்தப் பிரம்மாண்டமான தொலைநோக்கி மூலம்தான் 1972-இல் வியாழனின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியும், 1977-இல் யுரேனசின் வளையங்களும் பதிவாயின" என்றார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் போய்வந்த கதை. அந்த இரண்டு பதிவுகளுமே 1972-இல் அங்கு நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியின் வேலை.

இருவரில் எவரும் படிக்காதவர் அல்லர். ஆண்டுகளை மூன்றாமவரும் சரியாகவே சொன்னார். தமக்கு முன் பேசியவர் எந்தத் தொலைநோக்கியைக் காட்டியிருந்தார் என்பதைத்தான் அவர் அறியவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் எனப் பிரித்துக்கொண்டு, அவரவர் அறையில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒருவர் அவற்றை வரிசையாக ஒட்டி, கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குப் பதிவேற்றியிருக்கிறார்கள் என்பது காணொளியைப் பார்க்கும்போதே தெரிந்தது. முழுவதையும் தொடக்கத்திலிருந்து ஒரே ஒருவர் பார்த்திருந்தாலும் அந்தப் பிழை தப்பியிருக்காது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: ஒருவர் பேச்சு முடிந்து அடுத்தவர் பேச்சு தொடங்கும் இடங்களைக் கவனியுங்கள். ஒரே வரையறை இரண்டு முறை வருகிறதா, முன்னவர் சொன்னதைப் பின்னவர் தொட்டுப் பேசுகிறாரா, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒருவர் குரலில் மின்விசிறி இரைச்சலும் இன்னொருவர் குரலில் விடுதிச் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தமும் கேட்பதை நான் பெரிய குறையாக எண்ணுவதில்லை.

இவ்வளவும் எழுதிப் பெருமையாகக் கொடுத்த பிறகு, எங்கள் காணொளிக்கு மற்றவர்கள் எழுதிய குறிப்புகள் வந்தன. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவுநீரை எடுத்துக்கொண்டிருந்தோம். பாலாற்றுப் படுகை கெட்டது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்யும் முறை எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலோர் 23, 24 என்று அள்ளிப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "முடிவில் நான்கு பெயர்கள் வருகின்றன, கேட்பது ஒரே குரல். மற்ற மூவர் என்ன செய்தார்கள்?" என்று எழுதியிருந்தார்.

அந்தக் குரல் என்னுடையது. மற்றவர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, எழுத்து, குரல், தொகுப்பு மூன்றையும் இரண்டு இரவுகளில் நானே முடித்திருந்தேன். எங்கள் குழுவில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் உண்டு. அவருடைய தந்தை டேனரியில் டிரம், அதாவது தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய உருளை, ஓட்டுபவர். நண்பர் தம் கைப்பேசியில் இரண்டு நிமிடம் எடுத்து அனுப்பியிருந்தார். டிரம்மிலிருந்து வெளியே வரும் தோல் வெளிர்நீலமாக இருப்பதால் அதற்கு வெட் புளூ என்று பெயர் என்பதையும், பதனிடப் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலில் ஏறும் என்பதையும், மீதி நீரில் காரம் சேர்த்துக் குரோமியத்தை அடியில் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதையும், தோலைத் தொட்டுக் காட்டியபடி சொல்லியிருந்தார். பின்னால் ஒரு ஸ்கூட்டர் சத்தம். அதைக் காரணம் காட்டி அந்தத் துண்டை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக "தோல் பதனிடப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் கொடிய நஞ்சு" என்று நான் ஒரு வரி பேசி ஒட்டினேன்.

அந்த வரி தவறு. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமிய உப்பு. புற்றுநோய் அபாயத்துக்குப் பெயர்போன ஆறு இணைதிறன் வகை வேறு. எனக்கு 24 போட்டவர்களில் ஒருவரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. நண்பருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று காட்பாடி ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டேன். "நீ எங்கடா கேட்ட? முடிச்சிட்டுதான அனுப்பின" என்றார்.

காவலூர்க் குழு நால்வரும் வேலை செய்து, ஒன்றாக உட்கார்ந்து பார்க்கத் தவறியவர்கள். எங்கள் காணொளியில் ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை, ஏனென்றால் அதில் குழுவே இல்லை. ஆகவே வழுவழுப்பான காணொளிக்கு முழு மதிப்பெண் இடுமுன், யார் எதைச் செய்தார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். "நன்று", "இன்னும் முயலலாம்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இத்தனையாவது நிமிடத்தில் இன்னது இடிக்கிறது என்று எழுதுங்கள். நண்பர் வருத்தப்படுவாரே என்று தயங்க வேண்டாம். எனக்கும் இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது.

திருத்தித் தர எங்களுக்கு ஒரு வாரம் கிடைத்தது. நால்வரும் விடுதி அறையில் ஒரே மடிக்கணினி முன் உட்கார்ந்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். என் குரல் இரண்டரை நிமிடமாகக் குறைந்தது. வெட் புளூத் துண்டு ஸ்கூட்டர் சத்தத்தோடு அப்படியே உள்ளே போனது. ஒலிக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.