பெலட் அடுப்பு: தானாகச் சுத்தம் செய்யும் வசதியை எவ்வளவு நம்பலாம்?

தை, மாசி உறைபனிக்குப் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெலட் அடுப்பை, அதாவது மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு துண்டுகளான பெலட்டை எரிக்கும் அடுப்பைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நானுஓயா வாசகர்: நல்ல பெலட் அடுப்பு எது? பெயரை மட்டும் எழுதினால் போதும்.

பெயரை மட்டும் எழுத இயலாது. அறையின் நீள அகலம், கூரையின் உயரம், புகைபோக்கி வைக்க இடமுண்டா என்ற விபரம் ஆகியவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் குறிப்பிடவில்லை. இவற்றை அளந்து எழுதுங்கள், பதில் தருகிறேன்.

கந்தப்பளை வாசகர்: எங்கள் வரவேற்பறை 12 அடிக்கு 14 அடி. கடைக்காரர் 12 கிலோவொட் அடுப்பை வாங்கச் சொல்கிறார். பெரியதாக இருப்பது நல்லதுதானே?

நல்லதல்ல. வெளியே 5 பாகைக் குளிர் இருக்கும் இரவிலும், ஓரளவு இறுக்கமாக மூடக்கூடிய அத்தகைய அறைக்கு 2 கிலோவொட் அளவு வெப்பமே போதுமானது. 12 கிலோவொட் அடுப்பை அங்கே வைத்தால் அது எந்நேரமும் மிகக் குறைந்த நிலையிலேயே எரியும். குறைந்த நிலையில் நெடுநேரம் எரியும் அடுப்பில் எரிதல் முழுமையடையாது. கண்ணாடி கறுக்கும், குழாய்களில் கரி படியும். சந்தையில் கிடைக்கும் சிறிய அடுப்புகள் ஏறத்தாழ 6 கிலோவொட்டைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் உச்ச அளவைப் பாராமல், எந்த அடுப்பு மிகக் குறைவாக இறங்கி ஒழுங்காக எரியும் என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் கையேட்டில் இருக்கும்; விளம்பரத்தில் இருக்காது.

நுவரெலியா வாசகர்: தானாகவே சுத்தமாகும் பெலட் அடுப்புக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கினேன். மூன்று வாரத்தில் தீ சோம்பி, அறையில் புகை மணக்கிறது. ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை, ஏனென்றால் திறக்கத் தேவையில்லை என்றே விற்றார்கள். இயந்திரம் பழுதா?

இயந்திரம் பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. "திறக்கத் தேவையில்லை" என்று விற்பது பெருந்தவறு. இதைப் பலமுறை எழுதியும் அந்த வாக்கியம் கடைகளில் மறையவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இந்த வசதி சுத்தம் செய்வது பெலட் விழுந்து எரியும் சிறு கிண்ணத்தை மட்டுமே. அதிலும் மூன்று வகை உண்டு. முதல் வகையில், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை விசிறி சில விநாடிகள் வேகமெடுத்துச் சாம்பலை ஊதித் தள்ளும். மலிவான அடுப்புகளில் "தானியங்கிச் சுத்தம்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வகையில், அடுப்பு அணையும்போதோ மீண்டும் பற்றும்போதோ ஒரு மோட்டர் கிண்ணத்தின் அடித்தட்டைத் திறந்து அல்லது சுரண்டிச் சாம்பலைக் கீழே கொட்டும். மூன்றாவது வகை எரிந்துகொண்டிருக்கும்போதே அடித்தட்டை மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கும். விலை அதிகம், நாள் முழுவதும் எரிப்பவருக்கு மட்டுமே பயன்படும். மாலையில் ஐந்து மணி நேரம் எரிக்கும் வீட்டுக்கு இரண்டாவது வகை போதும். முதல் வகைக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றில் எதுவும் சாம்பல் தட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டாது. வெப்பக் குழாய்களின் உட்புறத்தையும் புகைவிசிறியின் இறக்கைகளையும் புகைபோக்கியின் வளைவுகளையும் தொடாது. கண்ணாடியின் மேல் காற்றை ஓடவிடும் அமைப்பு கறுப்பைத் தாமதப்படுத்துமே தவிர நீக்காது. உங்கள் அடுப்பில் புகை மணப்பதற்குக் காரணம் இந்த இடங்களில் எங்கேயோ ஏற்பட்டிருக்கும் அடைப்பு. அதைச் சரிசெய்யும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, முற்றாக ஆறிய பின்னர், கிண்ணத்தைக் கழற்றி அதன் துளைகளைக் குத்தி, தட்டைக் காலி செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், குழாய்களையும் விசிறியையும் புகைபோக்கியையும் ஆளை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட முக்கிய விடயம், எந்தப் பெலட்டை எரிக்கிறீர்கள் என்பது. மணிக்கு 1 கிலோ வீதம் ஐந்து மணி நேரம் எரித்தால், பட்டை கலவாத நல்ல மரத்தூள் பெலட்டில் 25 கிராம் அளவு சாம்பல் விழும். ஐரோப்பிய வீட்டுப் பெலட்டின் உயர்தரத்துக்கு எல்லை 0.7 சதவீதம்தான். உமிப் பெலட்டில் சாம்பல் ஏறக்குறைய 20 சதவீதம்; அதே ஐந்து மணி நேரத்தில் ஒரு கிலோ விழும். எந்தச் சுரண்டியும் அதற்கு ஈடுகொடுக்காது. வைக்கோலும் மண் ஒட்டிய பட்டையும் கலந்த பெலட் இன்னும் மோசம்: அதிலுள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து உருகி, கண்ணாடிக் கட்டியாக இறுகிக் கிண்ணத்தின் துளைகளை அடைக்கும், அடித்தட்டை நகர்த்தும் மோட்டர் அந்தக் கட்டியில் சிக்கி எரிந்தும் போகலாம். தொழிற்சாலைக் கொதிகலனுக்கென்று விற்கப்படும் 8 மில்லிமீற்றர் பெலட்டும் வேண்டாம். வீட்டு அடுப்பில் பெலட்டைக் கிண்ணத்துக்குத் தள்ளும் திருகு 6 மில்லிமீற்றருக்காகச் செய்யப்பட்டது. நல்ல பெலட்டும் சாதாரணக் கிண்ணமும் உள்ள வீட்டில் கிடைக்கும் நிம்மதி, மோசமான பெலட்டும் விலையுயர்ந்த சுரண்டியும் உள்ள வீட்டில் கிடைக்காது.

ஹட்டன் வாசகர்: பெலட் மூடை வைத்தபடியே மாவாகிவிட்டது. ஏன்?

ஈரம். மூடையைச் சீமெந்துத் தரையில் வைத்திருப்பீர்கள். பலகை அடுக்கி, சுவரிலிருந்து தள்ளி, திறந்த மூடையை மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள். நல்ல பெலட்டின் ஈரப்பதன் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் மழைமாதக் காற்றே அதைக் கெடுத்துவிடும்.

இராகலை வாசகர்: கனடாவிலிருந்து அண்ணன் ஒரு அடுப்பு அனுப்பத் தயாராக இருக்கிறார். இத்தாலியிலிருந்து மைத்துனரும் அனுப்பலாம் என்கிறார். எதை வாங்கிக்கொள்வது?

இத்தாலியிலிருந்து வருவதை. அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடா அடுப்பு 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைத்துத் தருமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே சாதாரண மோட்டர்கள் கொண்ட அடுப்பில் விசிறியும் திருகும் வேகம் குறைந்து ஓடும், காற்றும் எரிபொருளும் அளவு தவறும். பற்றவைக்கும் கம்பி ஒன்றையும் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும் கூடவே அனுப்பும்படி மைத்துனரிடம் சொல்லுங்கள். இங்கே தேடி அலைய வேண்டாம். அங்கே கடல்மட்டத்துக்கு அருகில் அளவமைத்த அடுப்பாக இருந்தால், 1,800 மீற்றருக்கு மேலே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு என்பதால், பொருத்துபவர் விசிறியின் வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டும். இதைச் செய்யாத அடுப்பில் தீ மஞ்சளாகச் சோம்பி எரியும். பிறகு "சுத்தம் வேலை செய்யவில்லை" என்று எனக்குக் கடிதம் வரும்.

அப்புத்தளை வாசகர்: மின்சாரம் நின்றால் என்னவாகும்?

திருகும் விசிறியும் நின்றுவிடும். கிண்ணத்தில் மீந்த பெலட் புகையும். புகைபோக்கி சுவரைத் துளைத்து நேராக வெளியேறி நின்றுவிட்டால் அந்தப் புகை அறைக்குள் திரும்பக்கூடும். ஆகவே செங்குத்தாகச் சில மீற்றர் உயர்ந்து கூரையைத் தாண்டும் புகைபோக்கியையே வையுங்கள். பற்றிய பின்னர் அடுப்புக்குத் தேவைப்படுவது சுமார் 100 வொட் என்பதால், ஒரு சிறு யூ.பி.எஸ். அதை ஒழுங்காக அணைத்து முடிக்கப் போதும்.

தலவாக்கலை வாசகர்: லயன் அறையில் இதை வைக்கலாமா? இப்போது இரவில் கரிச்சட்டி வைத்துத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம்.

கரிச்சட்டியை இன்றிரவே வெளியே எடுத்துவிடுங்கள். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். சுவர்களும் கூரையும் அயல்வீட்டோடு பொதுவாக உள்ள லயத்தில், தனிப் புகைபோக்கி வைக்க இடமின்றி, பெலட் அடுப்பையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கதவிடுக்கை அடைத்து, தரையில் விரிப்பிட்டு, கம்பளியைக் கூட்டுங்கள். பெலட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: படுக்கையறைப் பக்கம் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

பண்டாரவளை வாசகர்: சாம்பலைத் தோட்டத்தில் போடலாமா?

கலப்பில்லாத மரப் பெலட்டின் சாம்பல் என்றால் கோவா, லீக்ஸ் பாத்திகளுக்குக் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் வேண்டாம். இரண்டும் அமில மண்ணை விரும்புபவை, சாம்பல் காரம். எடுத்தவுடன் கொட்டாமல், மூடியுள்ள தகர வாளியில் இரண்டு நாள் ஆறவிட்ட பின்னரே கொட்டுங்கள்.