செலவழிக்க மனம் வராத ஆன்மா

அன்புள்ள ஐயா,

நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறேன், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைக் களமாக வைத்து இப்போது சொந்தமாக ஒன்று எழுதி வருகிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 10 ஆன்மாப் புள்ளிகள். பகடை உருட்டும் முன் ஒரு புள்ளி கொடுத்தால் +1 கிடைக்கும். பத்தும் தீர்ந்தால் அந்தப் பாத்திரம் மலையிலேயே ஆவியாகத் தங்கிவிடும். ஆனால் யாருமே செலவழிப்பதில்லை, கடைசிவரை பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். புள்ளிகளைக் கூட்டிக் கொடுக்கலாமா?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். 20 கொடுத்தால் இருபதையும் பொத்தி வைப்பார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடை உருட்டி வெற்றிக்கு 9 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 9 அல்லது அதற்கு மேல் விழ 36-ல் 10 வாய்ப்பு. +1 சேர்த்தால் 36-ல் 15. அதாவது ஆன்மாவில் ஒரு துண்டைக் கொடுத்த பிறகும் தோற்கவே வாய்ப்பு அதிகம். அதையும் உருட்டும் முன்பே கொடுக்கச் சொல்கிறீர்கள். யார் கொடுப்பார்கள்? பகடை விழுந்த பிறகு கொடுக்கட்டும். கொடுத்தால் வெற்றி நிச்சயம் என்று வையுங்கள். பத்து வேண்டாம், மூன்று போதும்.

இதைவிட முக்கியமானது, கொடுத்த புள்ளி எங்கே போகிறது என்பது. உங்கள் விதியில் அது எங்கேயும் போவதில்லை, எண்ணிக்கை குறைகிறது, அவ்வளவுதான். இதே வகை விளையாட்டான, 1978-ல் வந்த ரூன்க்வெஸ்ட்டில் அன்றாட மந்திரத்துக்குச் செலவாகும் பவர் என்ற ஆற்றல் புள்ளி திரும்ப ஊறிவிடும். தெய்வத்துக்குக் கொடுத்து வரம் வாங்கும் பவர் அப்படி ஊறாது, மறுபடி பாடுபட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஷேடோரன் (1989) என்ற இன்னொரு விளையாட்டு, உடலில் இயந்திரம் பொருத்தப் பொருத்த எசென்ஸ் என்ற உயிர்ச்சாரப் புள்ளியைக் குறைக்கும், கூடவே மந்திரவாதியின் மந்திரமும் தேயும். இரண்டிலும் இழப்புக்கு ஒரு முகவரி இருக்கிறது.

உங்களுக்கு அந்த முகவரி ஊரிலேயே இருக்கிறது: நேர்த்திக்கடன். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைப்பார்களே, அதை அப்படியே விதியாக்குங்கள். புள்ளி கொடுக்கும்போது ஆடுபவர் நிஜமாகவே ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேஜை நடுவில் வைக்கட்டும். வைக்கும்போது என்ன செய்வதாக நேர்ந்துகொள்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில், பனிமூட்டத்தில், ஜீப் பள்ளத்தில் சரியப்போகிறது. "தம்பி பிழைத்தால் அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்கிறார் ஒருவர். ஜீப் நின்றுவிடுகிறது. இனி அந்தப் புள்ளி அடமானத்தில். சொன்னதைச் செய்தால் முடிச்சை அவிழ்த்து நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம். கதை முடிவதற்குள் செய்யாவிட்டால் புள்ளி போனது போனதுதான், பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் கேரக்டர் ஷீட்டில் எழுதிய நினைவுகளில் ஒன்றையும் அடித்துவிட வேண்டும். எதை அடிப்பது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும்.

திரும்பி வர வழியிருப்பதால் துணிந்து கொடுப்பார்கள். கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கும் அடுத்த வாரக் கதை மேஜையிலேயே கிடக்கும். அப்பாவைத் தேடிப் போகும் காட்சியை நீங்கள் யோசித்து எழுத வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு வேண்டுகோள். சேர்வராயன் குகைக் கோயிலை ஆன்மாவைப் பறிக்கும் பேயின் இடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். மே மாதத் திருவிழாவுக்கு இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் ஊர் ஊராகத் திரண்டு வரும் சாமி அது. காவிரியம்மனும் அதே குகையில்தான் இருக்கிறாள். கடன் கேட்கிற, கொடுத்தால் திருப்பித் தருகிற தெய்வமாக அவர்களை வைத்தால் உங்கள் விதிக்கும் அதுதான் பொருந்தும். வில்லன் வேண்டுமென்றால், நேர்ந்துகொண்டதை மறக்கச் செய்கிற ஒன்றைக் கற்பனையாகப் படையுங்கள். விளையாட்டில் அதைவிடப் பயங்கரமானது இருக்க முடியாது.

வரும் ஞாயிறு மூன்று புள்ளிகளோடு ஆடிப் பாருங்கள். முடியும்போது எத்தனை முடிச்சு அவிழாமல் கிடக்கிறது, என்னென்ன நேர்ந்துகொண்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். மூன்று அதிகமா குறைவா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.