ஞாயிற்றுக்கிழமை நாடகம் போதும்

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. நான்கு வருடமாக டிமென்ஷியா என்ற மறதி நோய். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் டயாப்பர் மாற்றுவது எல்லாம் நான்தான். 'நன்றியோடு செய்தால் பாரம் தெரியாது, தினமும் மூன்று நல்ல விஷயம் எழுது' என்று நாத்தனார் டைரி வாங்கி அனுப்பியிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. ஞாயிறு காலையில் அத்தைக்குத் தலைவாரி, நல்ல புடவை கட்டி, வீடியோ காலில் பிள்ளைகளோடு பேச வைப்பேன். என்ன சொல்லணும் என்று பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பேன். நன்றி உணர்வை எப்படி வளர்த்துக்கொள்வது?
- வாசகி, மதுரை

பதில்: டைரியைப் பரணில் போடுங்கள். அந்த வீடியோ காலைப் பற்றிப் பேசுவோம்.

மகன் பெயரே மறந்துபோனவரிடம் பெயரைச் சொல்லிக் கொடுத்து, 'நல்லா இருக்கேன்ப்பா' என்று சொல்ல வைக்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? 'அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, அண்ணி பார்த்துக்குவாங்க' என்று போனை வைத்துவிடுவார்கள். நோயை மூடி மறைப்பதும் நீங்கள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று உள்ளுக்குள் குமைவதும் நீங்கள். 'தங்கமான மருமகள்' என்ற பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்று எனக்குப் படுகிறது.

இந்த ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைப் போடுங்கள். இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். 'வீட்டுக்குப் போகணும்' என்று அவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எடுத்துக் கொடுக்காதீர்கள். அத்தைக்கு அவமானம் என்பீர்கள். பெற்ற பிள்ளைகளிடம் என்ன அவமானம்?

தாயைப் பார்ப்பது முதலில் பிள்ளைகளின் கடமை, அப்புறம்தான் மருமகள். மகளுக்கும் பங்கு உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட மகன், மகள் என்று பிரிக்கவில்லை. அதற்காக மாதம் ஒரு வீடு என்று முறை வைத்து அவரை அனுப்பிவிடாதீர்கள். புது இடத்தில் பாத்ரூம் எங்கே என்பதே தெரியாமல் தவித்துப்போவார். லீவு போட்டு அவர்கள்தான் முறை வைத்து வர வேண்டும். நாத்தனார் வந்து இறங்கியதும் எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு நீங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்புங்கள். வர முடியாதவர் இரவுக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும்.

நன்றி இல்லையே என்று குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். தூக்கமில்லாத உடம்பில் அது எங்கிருந்து வரும்? முதலில் நாலு நாள் விடிய விடியத் தூங்குங்கள்.

சரி, உங்கள் கணவர் எங்கே? கடிதத்தில் ஒரு வரியிலும் அவரைக் காணோம். அதே வீட்டில்தானே இருக்கிறார்? இன்று ராத்திரி டயாப்பரை அவர் மாற்றட்டும்.