பரணில் கிடந்த வீணை: கேள்வி பதில்

சோழவந்தான்: ஐயா, பாட்டி வீட்டுப் பரணில் ஒரு வீணை கிடைத்தது. ஐந்நூறு வருஷப் பழசு என்று சித்தப்பா சாதிக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) மெழுகில் அசையாமல் பதிந்த இந்த அமைப்பே 17ஆம் நூற்றாண்டில், தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்தது என்பார்கள். அதனால் ஐந்நூறுக்கு வழியில்லை.

வயதை விடுங்கள், கட்டுமானத்தைப் பாருங்கள். வீணையைக் கவிழ்த்து, குடமும் (உருண்டைப் பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) சேரும் இடத்தில் டார்ச் அடியுங்கள். மேல்பக்கம் அலங்காரப் பட்டை ஒட்டை மறைத்துவிடும், அடிப்பக்கம்தான் உண்மை பேசும். மரத்தின் ரேகை குடத்திலிருந்து யாளிக் கழுத்து வரை அறுபடாமல் ஓடினால் ஏகாண்ட வீணை, அதாவது ஒரே மரத்தில் குடைந்தது. நடுவில் ரேகை திசை மாறினால் ஒட்டு வீணை. ஒட்டு என்பதாலேயே மட்டம் இல்லை. ஒட்டு பிரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. மரம் பழுப்பேறிய பலா என்றால் தஞ்சாவூர் வழி. கருமையான ஈட்டி மரம் என்றால் பெரும்பாலும் மைசூர் வழி. தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயை வைத்து வயது சொல்லாதீர்கள், அது கழற்றி மாட்டுவது. எத்தனை தடவை மாறியதோ!

காரைக்குடி: ஓரத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறது. தந்தமா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாமா அண்ணே?

ஊசியைத் தூரப் போடுங்கள். அது செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பட்டையின் வெட்டு முனையைப் பாருங்கள். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பிளாஸ்டிக். தந்தம் என்றால் விற்கும் எண்ணத்தை விடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுக்கத் தடுக்கின்றன. உடைந்த இடத்துக்கு வெள்ளை அக்ரிலிக் பட்டை போதும்.

திருமங்கலம்: மெட்டுகள் சாய்ந்துவிட்டன, ஸ்வரம் சேரவில்லை. மேளம் கட்டுவதை (மெட்டுகளை ஸ்வரம் பார்த்து மெழுகில் பதிப்பதை) நானே செய்யலாமா சார்?

காது தேறியிருந்தால் செய்யலாம். தம்புராவுடன் சேர்ந்து பாடும்போது அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று தெரியாதவர் தொட வேண்டாம், தஞ்சாவூருக்கு அனுப்பிவிடுங்கள்.

முதலில் போட்டோ எடுத்து, மெட்டுகளுக்கு மேரு (தண்டியின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்திலிருந்து 1 முதல் 24 வரை எண் ஒட்டிக் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் உயரமும் அகலமும் வேறு, கலந்துவிட்டால் அடுக்குவது பெரும்பாடு. பழைய மெழுகைச் சுரண்டி, உருக்கி, துணியில் வடிகட்டினால் திரும்பப் பயன்படும். குறைவதற்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கருப்புக்கு விளக்குக்கரி சேருங்கள். மெழுகு நான்கு பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு என்று தொடங்கி, ஆறியதும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். குங்கிலியம் கூடினால் மெழுகு வெடிக்கும், குறைந்தால் சித்திரை வெயிலில் மெட்டு நகரும். நேரடித் தீயில் உருக்கக் கூடாது; கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள்.

இடம் குறிக்கக் கணக்கு எளிது. மேருவிலிருந்து குதிரை (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) வரை தந்தியின் நீளம் 84 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேருவிலிருந்து 5ஆம் மெட்டு கால் பங்கில் (21), 7ஆம் மெட்டு மூன்றில் ஒன்றில் (28), 12ஆம் மெட்டு சரிபாதியில் (42), 24ஆம் மெட்டு முக்கால் பங்கில் (63). இது பென்சில் கோடுதான். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். அதனால் மெட்டு அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் மேரு பக்கம் தள்ளி உட்காரும். தந்தி உயரமாக நிற்கும் மேல்ஸ்தாயியில் இந்தத் தள்ளல் கூடும். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். மெட்டை இளஞ்சூடாக்கி மெழுகில் பதித்து, புதுத் தந்தி போட்டு, 12ஐ முதலில் நிறுத்திவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பழைய தந்தியில் மேளம் கட்டுவது வீண் வேலை. தந்தி மாற்றிய அன்றே எல்லாம் கலைந்துவிடும்.

உசிலம்பட்டி: மேளம் கட்டியாகிவிட்டது, ஆனாலும் கரகரவென்று இரைகிறது.

எந்த இடத்தில் என்று முதலில் பிரியுங்கள். ஒரே மெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்திருக்கும், அல்லது அந்த மெட்டிலேயே தந்தி பள்ளம் போட்டிருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து முதுகை மறுபடி உருண்டையாக்குங்கள். தட்டையாக விட்டால் கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது சத்தம் வரும். எல்லா மெட்டிலும், திறந்த தந்தியிலும் இரைந்தால் குதிரையின் மேல்தகடு. விரல் நகத்தால் தட்டுங்கள்; 'டொக்' என்று வெற்றொலி வந்தால் தகட்டுக்கும் கட்டைக்கும் இடையில் காற்று புகுந்திருக்கிறது. கழற்றி, சுத்தம் செய்து, அதே குங்கிலிய மெழுகில் உட்கார வையுங்கள். தகட்டின் மெல்லிய வளைவை நேராக்கிவிடாதீர்கள். வீணையின் நாதமே அந்த வளைவில் தந்தி ஒட்டியும் ஒட்டாமலும் போவதில்தான் இருக்கிறது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் 1000 நம்பர் எமரித் தாள், அதற்குக் கீழே வேண்டாம்.

மேலூர்: பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நிற்காமல் வழுக்குகிறது.

சாக்பீஸ் பொடி தடவுங்கள். முறுக்கவே முடியாமல் இறுகினால் காய்ந்த சோப்பு. இரண்டுக்கும் அடங்காவிட்டால் துளை நீள்வட்டமாகிவிட்டது, ஆசாரியிடம் போக வேண்டியதுதான்.

திருப்பரங்குன்றம்: குடத்திலிருந்து மாவு கொட்டுகிறது தம்பி. பழைய பாலிஷும் போய்விட்டது, பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கச் சொல்கிறார்கள்.

அம்மா, முதலில் மாவைத் துடைத்து, கருப்புத் துணி விரித்து ஒரு வாரம் வையுங்கள். புது மாவு விழுந்தால்தான் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அப்போது பெர்மெத்ரின் கலந்த மர மருந்தை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் விட்டு, மெழுகால் மூடிப் பையில் கட்டி வையுங்கள். கையுறை அவசியம்.

பியூ வேண்டவே வேண்டாம். மேல்பலகையில் அது கெட்டியான தோலாக உட்கார்ந்து அதிர்வை அமுக்கும், பின்னால் பிரிக்கவும் முடியாது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பழையது அரக்கு பாலிஷ், அதன் மேலேயே மெல்லிசாக அரக்கு பாலிஷ் போடலாம். பலகையில் விரிசல் இருந்தால் எம்-சீல் அடைக்காமல், மெல்லிய பலாச் சிம்பு செருகி வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

தெற்குவாசல்: சரிசெய்த வீணையைக் காரில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மே மாத மதியத்தில் பூட்டிய காருக்குள் அரைமணி நேரம் இருந்தாலே மெட்டு சாய்ந்துவிடும். சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், தந்திகளை ஒரு ஸ்வரம் அளவு தளர்த்துங்கள், குதிரைக்கு அடியில் துணி கொடுங்கள்.