இரண்டாகப் பிரிந்த கையெழுத்து

கேள்வி: ஐரோப்பாவில் ஜிப்சிப் பெண்கள் வரிசையாகப் பிள்ளை பெற்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கருத்தடை செய்தால் உரிமை போயிற்று என்கிறார்களே, நியாயமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஜிப்சி என்பது ஊரார் வைத்த பெயர். அவர்கள் தங்களை ரோமா என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

வரிசையாக என்று எழுதியிருக்கிறீர்கள். 2000 ஆகஸ்டில், ஸ்லோவாக்கியாவின் பிரெஷோவ் நகரில் ஒரு ரோமா பெண் பிரசவத்துக்குப் போனார். இருபதை ஒட்டிய வயது, இரண்டாவது பிள்ளை. வலி உச்சத்தில் இருக்கும்போது, அடுத்த பிரசவத்தில் நீயோ பிள்ளையோ செத்துப்போவீர்கள் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அதிலிருந்த 'ஸ்டெரிலைசேஷன்' (நிரந்தரக் கருத்தடை) என்ற சொல்லுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது. செய்வதைச் செய்யுங்கள் என்று போட்டுக்கொடுத்தார். பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷனையும் செய்துவிட்டார்கள். அந்தக் கையெழுத்து கோணல்மாணலாக, அவர் பெயரே இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மருத்துவக் குறிப்பில் 'நோயாளி ரோமா இனத்தவர்' என்றும் எழுதி வைத்திருந்தார்கள். 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது மனிதத்தன்மையற்ற செயல் என்று தீர்ப்பளித்து 31,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது.

உடல்நலத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஆபரேஷனுக்குச் சில வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்தின் அறிகுறி எல்லாம் வந்தது. ஸ்கேன் எடுத்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மனநல மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. கணவரைப் பிரிந்ததற்கும் பிள்ளை பெற முடியாமல் போனது ஒரு காரணம் என்றார்.

ஹங்கேரியில் 2001 ஜனவரியில் இன்னொரு ரோமா பெண். வயிற்றிலேயே பிள்ளை இறந்து, ரத்தப்போக்கோடு ஆம்புலன்ஸில் வந்தவர். வந்து இறங்கியதிலிருந்து சிசேரியனும் கருத்தடையும் முடிய 17 நிமிடம். கருத்தடைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஹங்கேரியச் சொல் இருக்கும்போது, படிவத்தில் மருத்துவர் கிறுக்கியது லத்தீன் சொல். அந்த 17 நிமிடத்தில் அவருக்கு யார் எதை விளக்கியிருக்க முடியும்? 2006-இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு அவர் பக்கம்தான் நின்றது.

ஏதோ இரண்டு மருத்துவர்களின் தவறு என்று தள்ளிவிட முடியாது. செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் ஒன்றாக இருந்த கம்யூனிச செக்கோஸ்லோவாக்கியாவில் கருத்தடைக்குச் சம்மதித்தால் அரசே பணம் கொடுத்தது. சமூக நல ஊழியர்கள் ரோமா வீடுகளுக்குப் போய் நெருக்கினார்கள். அங்கே மனித உரிமைக்காகக் குரல் கொடுத்த 'சார்ட்டர் 77' இயக்கத்தினர் 1978-லேயே இதை எழுதி அம்பலப்படுத்தினார்கள். ஆட்சி மாறிய பிறகும் கத்தி ஓயவில்லை.

குடும்பக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை போதும் என்று அந்தப் பெண் தானே சொல்லட்டும், அதற்கான வசதி அவருக்குக் கிடைக்கட்டும். ருமேனியாவில் 2002 முதல் ரோமா பெண்களையே சுகாதார இணைப்பாளர்களாக நியமித்தார்கள். கர்ப்பிணியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக, மருத்துவர் சொல்வதைப் புரியவைக்க, அவர்களில் ஒருத்தியே கூட இருக்கிறாள். பழைய கதையெல்லாம் கேட்டு ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குகிறவர்களை உள்ளே வரவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2021-இல் ஸ்லோவாக்கிய அரசு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு செக் நாடு தலைக்கு 3 லட்சம் கொருனா (செக் நாணயம்) இழப்பீடு என்று சட்டம் போட்டது. சரி, விண்ணப்பித்தார்கள். ஆபரேஷன் நடந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். பலருடைய பழைய மருத்துவக் குறிப்புகளை மருத்துவமனைகள் எப்போதோ அழித்துவிட்டன. தழும்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, தாள் இல்லாததால் அவர்கள் திரும்பிப் போனார்கள்.